மலையேறிவிட்டது

எங்கள் ஆய்வகத்தின் இணையதளத்தில் எந்தக் கருவியும் ஒருநாளும் கெட்டுப்போனதில்லை. வேறெந்த ஆய்வகமாவது இப்படிச் சொல்லிக்கொள்ள முடியுமா என்று தெரியவில்லை. கருவிகள் என்னவோ கெட்டுப்போகத்தான் செய்தன. கொல்லிமலையின் ஈரத்துக்கும், நினைத்தால் வந்து நினைத்தால் போகும் மின்சாரத்துக்கும் எந்தக் கருவிதான் தாக்குப்பிடிக்கும்? ஆனால் இணையதளத்தைப் பார்த்துக்கொண்டவர் எங்கள் தொழில்நுட்ப அலுவலர். அவர் வாயிலிருந்து கெட்ட வார்த்தை வராது. நான் வசவைச் சொல்லவில்லை. 'கெட்டது' என்ற வார்த்தையே வராது.

பல்கலைக்கழகத்துக்குச் சொந்தமான சின்ன ஆய்வகம் அது. செம்மேட்டைத் தாண்டி குண்டூர் நாட்டுக்குள் போகிற வழியில், மிளகுக்கொடி ஏறிய மரங்களுக்கு நடுவே, தகரக் கூரை போட்ட நீளமான கட்டடம். நான் தூத்துக்குடிப் பக்கத்துக்காரி. மண்ணிலுள்ள நுண்ணுயிர்களைப் பற்றிய ஒரு திட்டத்தில் தற்காலிக ஆய்வாளராக அங்கே சில வருடங்கள் இருந்தேன். அவர் நிரந்தர ஊழியர். வளப்பூர் நாட்டில் பிறந்து, சேலத்தில் படித்து, வேலைக்கு மறுபடி மலைக்கே வந்தவர். அவருக்கு இரண்டு பொறுப்புகள். வெளிக் கல்லூரி மாணவர்களும் முன்பதிவு செய்து வந்து பயன்படுத்தும் பொதுக் கருவிகளைப் பராமரிப்பது ஒன்று. எந்தக் கருவி எந்த நிலையில் இருக்கிறது என்பதை இணையதளத்தில் அன்றன்றைக்கு எழுதுவது இன்னொன்று. முதல் வேலையை நன்றாகச் செய்தார். இரண்டாவதை அதைவிட நன்றாகச் செய்ததுதான் சிக்கல்.

ஆள் ஒல்லி. சித்திரை வெயிலிலும் காதைச் சுற்றி மப்ளர் கட்டியிருப்பார். சட்டைப் பையில் பேனா இருக்க வேண்டிய இடத்தில் ஸ்க்ரூடிரைவர் இருக்கும். சின்னவர்களை எல்லாம் கண்ணு என்பார், சாமி என்பார். முதல் நாள் நான் போய்ச் சேர்ந்தபோது நல்ல மழை, கட்டடம் முழுக்க இருட்டு. "கரண்டு போயிடுச்சா?" என்று கேட்டேன். "வந்துகிட்டு இருக்குதுங்க கண்ணு" என்றார். மறுநாள் மத்தியானம் வந்தது.

இணையதளத்துக்கு இரண்டு பக்கங்கள். ஆங்கிலப் பக்கத்தைத் தலைமை வளாகத்தில்தான் மாற்ற முடியும், அவர்கள் மாற்ற மாட்டார்கள். அதன்படி எங்கள் கருவிகள் எல்லாம் வாங்கிய நாளிலிருந்து இயங்கிக்கொண்டே இருந்தன. அதனால் விவரம் தெரிந்தவர்கள் தமிழ்ப் பக்கத்தைத்தான் பார்ப்பார்கள். தமிழ்ப் பக்கம் முழுக்க அவர் கைவண்ணம். ஓடுகிற கருவிக்கு 'நலம்' என்று போடுவார். அடிக்கடி நின்றுபோகிற கருவிக்கு 'சற்று அசதி'. பழுதுபார்க்க வேண்டியதற்கு 'ஓய்வில் உள்ளது'. ஒரேயடியாக நின்றுவிட்டால் 'மலையேறிவிட்டது'.

சாமி விளக்கு அணைந்தால் அணைந்தது என்று சொல்லாமல் மலையேறிவிட்டது என்பார்களே, அதுதான். எங்கள் வீட்டில் மெழுகுவத்தி அணைந்தால் அணைந்தது என்றுதான் சொல்வோம். கடவுள் ஒன்றும் கோபித்துக்கொண்டதாகத் தெரியவில்லை. இதை அவரிடம் சொன்னேன். "உங்க சாமி பெரிய மனசுக்காரருங்க" என்றார்.

அவர் பொய் சொல்கிறவர் அல்ல. கேட்டதற்குக் கேட்டபடி பதில் சொல்வார். பல்கலைக்கழகம் ஒருமுறை எல்லா ஆய்வகங்களையும் தங்கள் முகவரியை ஒரு தமிழ்ப் படிவத்தில் நிரப்பச் சொன்னது. அதில் 'நாடு' என்று ஒரு கட்டம். இவர் 'குண்டூர் நாடு' என்று நிரப்பிவிட்டார். வெளிநாட்டு ஆய்வகம் ஒன்று எப்படித் தங்கள் பட்டியலுக்குள் வந்தது என்று தலைமை வளாகத்தில் குழம்பிப்போய்க் கூப்பிட்டார்கள். "நாடு எதுன்னு கேட்டாங்க, சொன்னேனுங்க" என்றார். மலையில் பல ஊர்கள் சேர்ந்த பகுதிக்கு நாடு என்று பெயர் என்பதை நான்தான் தொலைபேசியில் விளக்க வேண்டியிருந்தது. விளக்கிய பிறகும் ஒரு வருடம்வரை எங்களுக்கு வரும் சுற்றறிக்கைகள் அயல்நாட்டுப் பிரிவு வழியாகவே வந்தன.

ஆனால் இல்லை என்று சொல்ல வேண்டிய இடம் வந்தால் மட்டும் நாக்கு மடங்கிக்கொள்ளும். ஒரு சந்தை நாளில் ஒரு விவசாயி ஆய்வக வாசலில் வந்து நின்றார்.

"ஏனுங்க, சைட்டு பாத்துக்கறவரு நீங்கதானுங்களா?"

"ஆமாங்க."

"எத்தனை சென்ட்டுங்க?"

வெப்சைட் என்று யாரோ சொன்னதில் பின்பாதி மட்டும் அந்த மனிதர் காதில் விழுந்து, வீட்டுமனை விற்கிறார்கள் என்று வந்திருக்கிறார். மனையெல்லாம் இல்லை என்று ஒரு வரியில் முடிகிற விஷயம். அவ்வளவு தூரம் நடந்து வந்தவரிடம் எப்படி அப்படிச் சொல்வது? "அது இன்னும் அளக்கலீங்க" என்றார் இவர். அந்த விவசாயி நான் இருந்த வரைக்கும் சந்தைக்கு வரும்போதெல்லாம் எட்டிப் பார்த்து, "அளந்தாச்சுங்களா?" என்று கேட்டுவிட்டுப் போவார். இவரும் எழுந்து நின்று, "இன்னும் இல்லீங்க" என்பார். அந்த 'இல்லீங்க'வைச் சொல்லும்போது மட்டும் வாய் கோணாது.

எனக்கு இதெல்லாம் எரிச்சல்தான். இருக்கிறதா இல்லையா, ஓடுகிறதா ஓடவில்லையா என்று கேட்டு வளர்ந்தவள் நான். "இப்படிச் சுத்தி வளைச்சா நாலு பேர் நாலு விதமா எடுத்துக்குவாங்க அண்ணா" என்று சண்டை போடுவேன். "நல்லவிதமா எடுத்துக்கட்டுமுங்க" என்பார். அதற்கு மேல் என்ன பேச?

இந்தச் சண்டையில் ஒரே ஒருமுறைதான் எனக்கு வாயடைத்தது. எங்கள் காவலாளி நாமக்கல் பக்கத்துக்காரர். அவருடைய அப்பா ஊரில் இறந்துபோனார். செய்தி முதலில் இவருக்குத்தான் வந்தது. இவர் காவலாளியிடம் போய், "அப்பாவுக்கு ஒடம்பு கொஞ்சம் தளர்வா இருக்குதாம், ஒரு எட்டு பாத்துட்டு வாங்க" என்று சொல்லி பஸ் ஏற்றிவிட்டார். காவலாளி செம்மேட்டில் ஆப்பிளும் ரொட்டியும் வாங்கிக்கொண்டு கொண்டை ஊசி வளைவுகளில் இறங்கிப் போயிருக்கிறார். வீட்டு வாசலில் பந்தல் போட்டிருந்ததாம். கையில் ஆப்பிள் பை.

காரியமெல்லாம் முடிந்து அவர் திரும்பி வந்ததும், "உங்களுக்குக் கோபமே வரலையா? நேரடியா சொல்லியிருக்கலாம்ல?" என்று கேட்டேன்.

"எதுக்கு மேடம் கோபம்? பஸ்ஸுல போய்ச் சேர்ற வரைக்கும் எங்கப்பா உசுரோட இருந்தாருங்க" என்றார் காவலாளி.

 

இனி ஒரு மழைக்காலத்துச் சம்பவத்துக்கு வருகிறேன். எங்களிடம் எச்.பி.எல்.சி. என்றொரு கருவி இருந்தது. ஒரு இலைச் சாற்றைக் கொடுத்தால் அதற்குள் எந்தப் பொருள் எவ்வளவு இருக்கிறது என்று பிரித்துக் கோடுகளாகப் போட்டுக் காட்டும். அதன் உயிர் அதற்குள் இருக்கும் ஒரு சின்ன பம்ப்பில். பம்ப் தகராறு செய்ததால் கருவியைச் சேலத்துக்கு அனுப்பியிருந்தோம். இணையதளத்திலும் 'சேலம் சென்றுள்ளது' என்று போட்டிருந்தார். அது வாஸ்தவம்.

ஒரு செவ்வாய்க்கிழமை மூன்று மணிக்குக் கருவி திரும்பி வந்தது. செவ்வாய்க்கிழமை மூன்று மணி ராகு காலம். ராகு காலத்தில் அவர் இணையதளத்தில் கை வைக்க மாட்டார். ராகு காலம் முடிந்ததும் மின்சாரம் 'வந்துகொண்டிருந்தது'. மறுநாள் காலையில் கருவியை ஓட்டிப் பார்த்தார். ஒரு உறுமல் உறுமிவிட்டு பம்ப் நின்றுபோயிற்று. புது பம்ப் கம்பெனியிலிருந்து வந்தால்தான் உண்டு. ஆகவே 'சேலம் சென்றுள்ளது' என்பதை அழித்துவிட்டு, நல்ல நேரம் பார்த்து, 'மலையேறிவிட்டது' என்று எழுதினார்.

இதைத் தர்மபுரிப் பக்கத்திலிருந்து ஒரு ஆராய்ச்சி மாணவர் படித்தார். ஏதோ ஒரு மூலிகை இலையில் ஆராய்ச்சி. அந்தச் செடி மழைக்கு மட்டும் துளிர்த்து, மழை போனதும் காணாமல் போய்விடும். அந்தப் பருவம் முழுக்க அலைந்து இலை பறித்து, சாறு எடுத்து, சின்னச் சின்னக் குப்பிகளில் உறையவைத்திருந்தார். அவற்றை எச்.பி.எல்.சி.யில் ஓட்டி, அந்த மாதக் கடைசிக்குள் ஆய்வேட்டைக் கொடுத்தால், அவர் தற்காலிகமாகப் பாடம் நடத்திக்கொண்டிருந்த கல்லூரியிலேயே நிரந்தர வேலை. கொடுக்காவிட்டால் வேலை அடுத்தவருக்கு. சேலத்துக்குப் போன கருவி எப்போது மலைக்குத் திரும்பும் என்று தினமும் எங்கள் பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருந்தவர் கண்ணில் 'மலையேறிவிட்டது' பட்டால் என்ன நினைப்பார்?

பாவம், போன் செய்தும் கேட்டிருக்கிறார்.

"சார், மெஷின் மலையேறிடுச்சுங்களா?"

"ஆமாங்க சாமி, மலையேறிடுச்சுங்க."

"ரொம்ப சந்தோஷம் சார்."

இந்தச் 'சந்தோஷம்' இவருக்குக் கொஞ்சம் இடித்திருக்கிறது. படித்த பையன், மனம் தளராமல் பேசுகிறான் என்று நினைத்துக்கொண்டாராம்.

"அப்ப வரட்டுங்களா சார்?"

"வாங்க சாமி, வாங்க."

போனை வைப்பதற்கு முன் எல்லோரும் சொல்கிற 'வரட்டுங்களா' என்று இவர் எடுத்துக்கொண்டார். ஒருவரையொருவர் சரியாகப் புரிந்துகொண்ட திருப்தியோடு இருவரும் போனை வைத்தார்கள்.

அந்த மாணவர் வந்த அன்று காலையில் நான் மண் எடுப்பதற்காக வளப்பூர் நாட்டுப் பக்கம் போயிருந்தேன். மத்தியானத்துக்கு மேல் நனைந்துகொண்டே திரும்பி வந்தால், ஒரு இளைஞர் மடியில் தெர்மாகோல் பெட்டியை வைத்துக்கொண்டு ஸ்டூலில் உட்கார்ந்திருக்கிறார். பக்கத்தில் மரவள்ளிக்கிழங்குத் தோலோடு ஒரு தட்டு. எச்.பி.எல்.சி.யைக் கழற்றி மேசையெல்லாம் பரப்பியிருந்தது. மேசைக்கு அடியிலிருந்து ஒரு மப்ளரின் நுனி தெரிந்தது.

"மெஷின் கொஞ்சம் அசதியா இருக்குதாம் மேடம். சாயங்காலத்துக்குள்ள எந்திரிச்சுருமாம்" என்றார் இளைஞர். அவ்வளவு நம்பிக்கையான முகத்தை நான் அந்த ஆய்வகத்தில் அதற்கு முன் பார்த்ததில்லை.

"யார் சொன்னது?"

"சார்தான்."

"தம்பி, அந்த மெஷின் செத்து ஒரு வாரமாச்சு."

மேசைக்கு அடியிலிருந்து, "கண்ணு, அந்த வார்த்தை மட்டும் வேண்டாமுங்க" என்று குரல் வந்தது.

எனக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது. காலையில் வந்தவரிடம் காலையிலேயே சொல்லியிருந்தால், வந்த பஸ்ஸிலேயே திரும்பி இறங்கிச் சேலத்துக்குப் போயிருப்பார். அங்கே எனக்குத் தெரிந்த ஆய்வகம் இருக்கிறது, அதே கருவி இருக்கிறது. கத்தினேன். மழைச் சத்தத்தை மீறிக் கத்தினேன். கத்தி முடித்துவிட்டுச் சேலத்துக்குப் போன் போட்டேன். நாளைக் காலையில் கொண்டுவந்தால் ஓட்டித் தருகிறோம் என்றார்கள். இளைஞர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு எழுந்தார். அப்போதுதான் காவலாளி வந்து, வளைவில் மரம் விழுந்து ரோடு அடைத்துவிட்டது, காலைக்கு முன் எந்த பஸ்ஸும் இறங்காது என்றார்.

பெட்டிக்குள் பனிக்கட்டி பாதிக்கு மேல் கரைந்திருந்தது. சாறு உருகிவிட்டால் அவ்வளவுதான், ஓட்டிப் பிரயோஜனமில்லை. எங்களிடம் ஒரு பெரிய உறைபெட்டி உண்டு. அது இணையதளத்தில் 'ஓய்வில்' இருந்தது. அதற்குள் அவர் தன் மழைக்கோட்டை வைத்திருந்தார்.

மேசைக்கு அடியிலிருந்து எழுந்து வந்தவர் அந்த மழைக்கோட்டை எடுத்து மாட்டிக்கொண்டார். என்னைப் பார்க்கவில்லை. "வாங்க சாமி, வழி இருக்குதுங்க" என்று இளைஞரை மொபெட்டில் பின்னால் ஏற்றிக்கொண்டு மழையில் கிளம்பினார். வாசலூர்பட்டியில் படகு விடுகிற ஏரிக்கு அருகே அவருக்குத் தெரிந்த ஒருவர் ஐஸ்கிரீம் கடை வைத்திருந்தார். கடைக்காரரிடம் கெஞ்சிக் கூத்தாடி, குச்சி ஐஸுக்கும் கோன் ஐஸுக்கும் நடுவில் குப்பிகளை அடுக்கிவிட்டு வந்தார். நான் உள்ளுக்குள் மெச்சிக்கொண்டேன் என்பதைச் சொல்லிவிடுகிறேன். வெளியே காட்டிக்கொள்ளவில்லை.

காலையில் மழை விட்டிருந்தது. மூவருமாக வாசலூர்பட்டிக்குப் போனோம். கடைக்காரர் எங்களைப் பார்த்ததும் கையை விரித்தார்.

"ராத்திரி பூரா கரண்டு இல்லீங்க. ஐஸெல்லாம் பாயசமாப் போச்சுங்க."

குப்பிகள் ஐஸ் கரைந்த கலர்த் தண்ணீரில் மிதந்துகொண்டிருந்தன. இளைஞர் ஒன்றை எடுத்துத் துடைத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். பிறகு இவரைப் பார்த்து, "சார், இது ஆகுமுங்களா?" என்று கேட்டார்.

இவர் என்னைப் பார்த்தார். அந்தப் பார்வைக்கு அர்த்தம் எனக்குப் புரிந்தது.

"ஆகாது தம்பி" என்றேன் நான்.

இளைஞர் தலையை ஆட்டினார். அழவில்லை, கத்தவில்லை. கத்தியிருந்தால் எங்களுக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும். குப்பிகளை ஒவ்வொன்றாகத் துடைத்து மறுபடி பெட்டியில் வைத்தார். எதற்கென்று கேட்க எனக்கு மனம் வரவில்லை. இவர் "சாமி, மொதல்ல ஒரு டீ..." என்று ஆரம்பித்து, பாதியில் நிறுத்திக்கொண்டார்.

ரோடு திறந்துவிட்டது. செம்மேட்டில் சேலம் பஸ் கிளம்பத் தயாராக நின்றது. இளைஞர் படியில் ஏறி, திரும்பிப் பார்த்தார்.

"போறேன் சார்."

பக்கத்துத் தெருவுக்குப் போவதானாலும் நம் ஊரில் 'வர்றேன்' என்றுதான் சொல்லிவிட்டுப் போவார்கள். எனக்கே சுருக்கென்றது. இவர் அறை வாங்கியவர் மாதிரி நின்றார். பஸ் நகர்ந்தது. சட்டென்று ஓடிப்போய்ப் படியில் தொற்றி ஏறிக்கொண்டார்.

"அப்படிச் சொல்லிட்டுப் போகக்கூடாதுங்க சாமி" என்று உள்ளே அவர் சொல்வது கேட்டது. ஜன்னல் வழியாக ஆய்வகச் சாவிக்கொத்து என்னை நோக்கிப் பறந்து வந்தது. மழைக்கோட்டும் மப்ளரும் ரப்பர் செருப்புமாக அவர் மலையிறங்கிப் போனார்.

அன்று சாயங்காலம் என் போன் அடித்தது. பின்னணியில் பஸ் ஸ்டாண்டு இரைச்சல்.

"கண்ணு, நான்தானுங்க. தம்பியோட காலேஜுக்குப் போயிட்டு வர்றேனுங்க."

"காலேஜுக்கா? அங்க என்ன அண்ணா?"

"பெரியவங்களைப் பாத்து உள்ளதைச் சொல்லலாம்னுதானுங்க. மெஷினு செத்துப்போச்சு, நான்தான் ஒழுங்கா எழுதாம விட்டுட்டேன், புள்ளை மேல தப்பில்லை, மறுக்கா மழைக்கு எலை துளுக்கற வரைக்கும் அந்த வேலையை யாருக்கும் குடுக்காம வெச்சிருங்கன்னு சொன்னேனுங்க."

"செத்துப்போச்சுன்னா சொன்னீங்க?"

"ரெண்டு தடவை சொன்னேனுங்க. மொதல் தடவை சொன்னது அவங்களுக்குக் காதுல விழலை. சத்தம் வரலீங்க எனக்கு."

அவர் வாயிலிருந்து அந்த வார்த்தையை வரவழைக்க எத்தனை நாள் சண்டை போட்டிருப்பேன். வந்தபோது கொஞ்சமும் சந்தோஷமாக இல்லை.

"அதுக்கு அவங்க என்ன சொன்னாங்க?"



"பாக்கலாம்னாங்க."

போனை மற்றக் காதுக்கு மாற்றிக்கொண்டேன்.

"சிரிச்ச முகமாத்தானுங்க சொன்னாங்க. ஒக்காரச் சொல்லி, காப்பியெல்லாம் குடுத்தாங்க. வாசல் வரைக்கும் வந்தாங்க. ஆனா பாக்கலாம்னுதானுங்க சொன்னாங்க." குரலைத் தணித்துக்கொண்டார். "தம்பி பக்கத்துலயே நிக்கறானுங்க. எம் மூஞ்சியையே பாக்கறான். கண்ணு, நீங்கதான் எதையும் பட்டுனு சொல்லுவீங்களே. பாக்கலாம்னா என்னங்க அர்த்தம்? ஆமாங்களா, இல்லீங்களா?"

எனக்கு அர்த்தம் தெரியும். ஒரே வார்த்தைதான்.

"சாப்பிட்டீங்களா அண்ணா?" என்று கேட்டேன்.